நன்றி என்னும் முதற்சொல்: ஜப்பானியர் அன்றாட ஆங்கிலம் கற்ற வரலாறு

மொழி வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் காப்பியங்களையும் இலக்கண நூல்களையும் சான்றாகக் கொண்டே எழுதுகின்றனர். ‘தண்ணீர் வேண்டும்’, ‘மணி என்ன’, ‘மிக்க நன்றி’ போன்ற சிறு தொடர்களுக்கு அவ்வரலாற்றில் இடம் கிடைப்பது அரிது. ஆயினும் ஓர் இனத்தார் மற்றோர் இனத்தாரை முதன்முதலாக எதிர்ப்படும்போது தேவைப்படுவன காப்பியங்கள் அல்ல, இத்தகைய சிறு தொடர்களே. இவ்வுண்மையை விளக்குதற்கு ஜப்பானியர் ஆங்கிலம் கற்ற வரலாற்றினும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்நாட்டினர் ஆங்கிலம் கற்று வருகின்றனர். பள்ளிப் பிள்ளைகளின் பாடத்தைவிட, வளர்ந்தவர்கள் தம் நடுவயதில், பிழைப்பின் பொருட்டும் பாதுகாப்பின் பொருட்டும் கற்ற அன்றாட ஆங்கிலமே அவ்வரலாற்றின் உயிர்ப்பகுதி எனலாம். அதனை நோக்கின் இரு வழிகள் தெளிவாகப் புலப்படும். ஒன்று கண்வழி, நூலைப் பயின்று பொருள் கொள்வது. மற்றொன்று செவிவழி; மனிதரோடு பழகிச் சொல் கொள்வது. இவ்விரு வழிகளும் எங்குப் பிரிந்தன, எங்குச் சந்தித்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அச்சத்தில் பிறந்த கல்வி

ஜப்பானுக்கு ஆங்கிலம் முற்றிலும் புதியதன்று. 1600ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஆடம்ஸ் என்னும் ஆங்கிலேய மாலுமி அந்நாட்டில் கரையேறினார். 1613இல் ஹிராடோவில் ஆங்கிலேயர் வணிக நிலையம் அமைத்தனர். ஆதாயம் இன்மையால் 1623இல் அதனை மூடிச் சென்றனர். பின்னர் ஜப்பானிய ஆட்சியாளர் நாட்டின் வாயிலை அடைத்தனர். 1641 முதல் ஐரோப்பியருள் டச்சுக்காரர் மட்டுமே, அதுவும் நாகாசாகித் துறைமுகத்தில் டேஜிமா என்னும் சிறிய செயற்கைத் தீவில் மட்டுமே தங்க இசைவு பெற்றனர். அவர்களோடு பேசுதற்கென மொழிபெயர்ப்பாளர் குடும்பங்கள் இருந்தன. தந்தைக்குப் பின் மகன் எனத் தலைமுறை தலைமுறையாக டச்சு மொழி கற்பதே அவர்தம் குலத்தொழில் ஆயிற்று. ஆங்கிலம் அறிந்தவர் எவரும் அந்நாட்டில் இல்லாத நிலை நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

அந்நிலையைக் கலைத்தது ஒரு போர்க்கப்பல். 1808ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ‘பேட்டன்’ என்னும் ஆங்கிலேயக் கப்பல் டச்சுக் கொடியை ஏற்றிக்கொண்டு நாகாசாகித் துறைமுகத்துள் நுழைந்தது. வரவேற்கச் சென்ற டச்சுக்காரர் இருவரைப் பிடித்துவைத்து, நீரும் உணவும் தரவேண்டும் என மிரட்டியது. கப்பலின் தலைவர் பிளீட்வுட் பெல்யூவுக்கு அப்போது பத்தொன்பது வயதுகூட நிரம்பவில்லை. கேட்டவற்றைக் கொடுத்தனுப்புவதைத் தவிர நகர ஆளுநர் மட்சுதைரா யாசுஹிதேக்கு வேறு வழி இருக்கவில்லை. கப்பல் சென்றபின் அவர் அப்பழியைத் தாமே ஏற்றுத் தம் வயிற்றைக் கிழித்து உயிர் நீத்தார்.

அடுத்த ஆண்டே, 1809இல், டச்சு மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலம் கற்கவேண்டும் என ஆணை பிறந்தது. கற்பிக்க ஆங்கிலேயர் எவரும் இல்லை. எனவே ஆங்கிலம் ஓரளவு அறிந்த யான் காக் பிளோம்ஹோஃப் என்னும் டச்சு அலுவலரே ஆசிரியர் ஆனார். 1811இல் மோதோகி ஷோசாயெமோன் என்னும் மொழிபெயர்ப்பாளர் தலைமையில் சொற்களும் உரையாடல் தொடர்களும் அடங்கிய பத்துத் தொகுதி நூல் ஒன்று உருவாயிற்று. 1814இல் ஏறத்தாழ 6,000 சொற்கள் கொண்ட அகராதி ஒன்றும் முடிவுற்றது. இரண்டும் கையெழுத்துப் படிகளாகவே அரசின் பாதுகாப்பில் இருந்தன. டச்சு நாவில் திரிந்த ஆங்கில ஒலியே அவற்றில் ஜப்பானிய எழுத்தில் பதிந்தது. நாட்டைக் காக்கும் படைக்கலமாக ஒரு மொழி கற்கப்பட்டது. ஆனால் அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரின் குரலை அதனைக் கற்றோர் கேட்டதில்லை. கண்வழிக் கல்வியின் தொடக்கம் இது.

கம்பித் தடுப்புக்குப் பின்னிருந்த ஆசிரியர்

அக்குரல் நாற்பது ஆண்டுகள் கழித்து எதிர்பாராத ஒருவரிடமிருந்து கிடைத்தது. ரானல்ட் மெக்டொனால்டு என்பார் 1824இல் வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் பிறந்தவர். தந்தை ஹட்சன் விரிகுடாக் குழுமத்தின் ஸ்காட்லாந்து அலுவலர். தாய் சினூக் பழங்குடித் தலைவர் ஒருவரின் மகள். வெள்ளையர் சமூகத்தில் முழு இடம் பெறாத அவ்விளைஞருக்கு ஜப்பான் மீது தீராத நாட்டம் பிறந்தது. அயலார் நுழைந்தால் தண்டனை உறுதி என்பதை அறிந்தே, 1848இல் திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றிலிருந்து சிறு படகில் இறங்கி, கப்பல் உடைந்து தப்பியவர்போல் ஹொக்கைடோவுக்கு அப்பாலுள்ள தீவில் கரையேறினார்.

பிடிபட்ட அவரை நாகாசாகிக்குக் கொண்டுசென்று ஒரு பௌத்த மடத்தைச் சார்ந்த இல்லத்தில் சிறைவைத்தனர். அச்சிறையே பள்ளியாயிற்று. மொழிபெயர்ப்பாளர் பதினால்வர் அவரிடம் பாடம் கேட்டனர். ஆசிரியர் தடுப்புக்கு உட்புறத்தில்; மாணாக்கர் வெளிப்புறத்தில். பாடமுறை எளியது. மாணாக்கர் ஆங்கில நூலை உரக்க வாசிப்பர். ஆசிரியர் ஒலியைத் திருத்தி, இயன்ற அளவு ஜப்பானியச் சொற்களால் பொருள் கூறுவார். மாணாக்கரின் இலக்கண அறிவையும் கூர்மையையும் அவர் போற்றியுள்ளார். ஆயினும் லகர ஒலி அவர்களுக்கு எளிதில் வாராமையையும், அதன் இடத்தில் ரகரம் ஒலித்தமையையும் தம் நினைவுக் குறிப்பில் பதிந்துவைத்துள்ளார். ஜப்பானியர் இன்றும் எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டைச் செவியால் அறிந்து எழுதிய முதல் ஆசிரியர்களுள் அவர் ஒருவர். கற்பித்ததோடு நில்லாது தாமும் ஜப்பானியச் சொற்கள் சில நூற்றைக் கேட்டெழுதித் தொகுத்தார். கைதியும் காவலரும் ஒருவர்க்கொருவர் மாணவராயினர்.

1849 ஏப்ரலில் அமெரிக்கக் கப்பல் ஒன்று அவரை மீட்டுச் சென்றது. 1894இல் அவர் மறைந்தபோது, விடைபெறும் பொருளில் ஜப்பானியர் வழங்கும் ‘சயோனாரா’ என்ற சொல்லே அவர் நாவில் இறுதியாக நின்றது என்று கூறுவர்.

அவர் கற்பித்த சொற்கள் வீண்போகவில்லை. 1853 ஜூலையில் அமெரிக்கத் தளபதி பெர்ரியின் கப்பல்கள் உராகாக் கடலில் நங்கூரமிட்டபோது, படகில் அணுகிய ஹோரி தாட்சுனோசுகே என்னும் மொழிபெயர்ப்பாளர் தமக்கு டச்சு மொழி பேசத் தெரியும் என்று கூவினார். அதனை அவர் ஆங்கிலத்தில் கூவினார் என்பதே சுவை. அதன்பின் பேச்சு டச்சு மொழியிலேயே தொடர்ந்தது. மறு ஆண்டு உடன்படிக்கை கையெழுத்தானபோது மொழிபெயர்த்தோருள் முதன்மையானவர் மெக்டொனால்டின் மாணாக்கர் மொரியாமா எய்னோசுகே. ஹோரியோ 1862இல், அச்சேறிய முதல் ஆங்கில-ஜப்பானிய அகராதியைத் தொகுத்து வெளியிட்டார். முதலில் அச்சானவை 200 படிகளே. ஒற்றைத் தொடரோடு படகில் நின்றவர் ஒன்பது ஆண்டுகளில் அகராதி ஆசிரியர் ஆனார்.

மீனவரின் செவி

இதே காலத்தில் செவிவழியே ஆங்கிலம் கற்ற மற்றொருவர் நாகஹாமா மன்ஜிரோ. தோசா நாட்டுக் கடற்கரைச் சிற்றூரில் 1827இல் பிறந்த ஏழை மீனவச் சிறுவர். எழுதப் படிக்கக் கற்றவரல்லர். 1841இல் தம் பதினான்காம் வயதில் நால்வருடன் மீன்பிடிக்கச் சென்று புயலில் சிக்கி ஆளில்லாத தீவில் ஒதுங்கினார். பல திங்கள் கழித்து அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்று ஐவரையும் மீட்டது. கப்பல் தலைவர் வில்லியம் விட்ஃபீல்டு சிறுவரின் அறிவைக் கண்டு, மாசசூசெட்சு மாநிலத்துத் தம் ஊராகிய ஃபேர்ஹேவனுக்கு அழைத்துச் சென்று பள்ளியில் சேர்த்தார். மன்ஜிரோ முறையாக எழுதக் கற்ற முதல் மொழி ஆங்கிலம் ஆயிற்று.

1851இல் அவர் தாய்நாடு திரும்பியபோது, அயல்நாடு சென்று மீண்ட குற்றத்துக்காக நெடுநாள் விசாரிக்கப்பட்டார். பின்னரே தாயைக் காண முடிந்தது. ஆங்கிலத்தை நன்கு பேச வல்லவர் நாட்டிலேயே அவர்தாம். ஆயினும் பெர்ரியோடு நிகழ்ந்த பேச்சில் அவரைப் பயன்படுத்த அரசு துணியவில்லை. அமெரிக்கரிடம் நன்றிக்கடன் பட்டவர் என்பதே ஐயத்துக்குக் காரணம். பகைவனின் மொழியை அன்பின்வழிக் கற்றதே அவர்க்குக் குறையாயிற்று.

1859இல் அவர் ஆங்கில உரையாடற் கைநூல் ஒன்றை எழுதினார். இருநூறுக்கு மேற்பட்ட அன்றாடத் தொடர்கள் அதில் உள்ளன. ஆங்கிலத் தொடரின் அருகே அதன் ஒலியை ஜப்பானிய எழுத்தில் காட்டி, சொல்லுக்குச் சொல் பொருளும் எழுதி, சீன நூல்களைப் படிப்பதற்கு ஜப்பானியர் கையாளும் குறிகளைக்கொண்டு சொல்வரிசையை விளக்கினார். மன்ஜிரோவின் ஒலிக்குறிப்புகள் தனித்தன்மை வாய்ந்தவை. தண்ணீரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை அவர் ‘வாரா’ என்றும், ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்கும் சொல்லைச் ‘சன்ரேய்’ என்றும் எழுதினார் என்பர். எழுத்துக்கூட்டிப் படித்தவர்க்கு இவை பிழைகளாகத் தோன்றும். அமெரிக்கர் பேசக் கேட்டவர்க்கோ இவையே சரி. அவர் எழுதியது நூலின் எழுத்தையன்று, கப்பல் தளத்தில் கேட்ட குரலை.

அதே 1859இல் டச்சு மொழியில் தேர்ந்த ஃபுகுசாவா யுகிச்சி என்னும் இளம் அறிஞர், அப்போதுதான் திறக்கப்பட்ட யோகோஹாமாத் துறைமுகத்துக்கு நடந்து சென்றார். அங்குக் கடைகளின் பெயர்ப்பலகையை அவரால் படிக்க இயலவில்லை. பேசியவர்களின் சொல்லும் விளங்கவில்லை. ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கற்ற டச்சு அங்குப் பயன்படவில்லை. மனம் உடைந்து திரும்பிய அவர் மறுநாளே ஆங்கிலம் கற்கத் துணிந்தார் எனத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். 1860இல் கன்ரின் மாரு என்னும் கப்பலில் மன்ஜிரோ மொழிபெயர்ப்பாளராகவும் ஃபுகுசாவா உதவியாளராகவும் அமெரிக்கா சென்றனர். சான்பிரான்சிஸ்கோவில் இருவரும் ஆளுக்கொரு வெப்ஸ்டர் அகராதி வாங்கினர். செவிவழிக் கற்றவரும் கண்வழிக் கற்றவரும் ஒரே நூலைக் கையிலேந்தி ஒரே கப்பலில் திரும்பிய காட்சி, இவ்வரலாற்றின் இரு வழிகளும் சந்தித்த இடம் எனலாம்.

புள்ளி இல்லாத எழுத்து

அவர்கள் எதிர்கொண்ட இடர்ப்பாட்டின் இயல்பைத் தமிழ் பயின்றோர் எளிதில் உணர்வர். ஜப்பானியரின் கானா எழுத்துகள் உயிராகவோ உயிர்மெய்யாகவோ மட்டுமே அமைந்தவை. னகர மெய்யை ஒத்த ஓர் எழுத்தும் இரட்டிப்பைக் காட்டும் ஒரு குறியும் தவிர, தனிமெய்யை எழுத வழி இல்லை. தமிழில் புள்ளி செய்யும் பணியைச் செய்வதற்கு அங்கு எழுத்து இல்லை. எனவே ஆங்கில மெய்யெழுத்து ஒவ்வொன்றும் ஓர் உயிரைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறது. ‘மில்க்’ என்பது ‘மிருகு’ ஆகிறது. ‘ஸ்டிரைக்’ என்பது ‘சுதோராஇகு’ என ஐந்து மாத்திரை கொள்கிறது.

இதனை நாக்கின் குறை என நகைத்தல் பொருந்தாது. பேச்சுத் தமிழிலும் ‘பஸ்ஸு’, ‘காரு’ என அயற்சொற்கள் உகரம் ஏற்று வழங்குகின்றன. வடசொற்கள் தமிழில் வரும்போது வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்தவேண்டும் என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. வந்த சொல்லைத் தன் வீட்டு உடையில் நிறுத்துவது எல்லா மொழிக்கும் இயல்பே. தன் மொழிக்கு அது வளம். ஆனால் அவ்வுடையோடு அச்சொல்லைப் பிறந்தகத்துக்கே திருப்பி அனுப்பும்போதுதான் இடர் தோன்றுகிறது. ஃபுகுசாவா 1860இல் வெளியிட்ட சொற்றொகுதியில், ஜப்பானிய மொழியில் இல்லாத வகர ஒலியைக் காட்ட உகர எழுத்தின்மேல் இரு சிறு கோடுகள் இட்டுப் புதிய வடிவம் படைத்தார். அவ்வெழுத்து இன்றும் வழக்கில் உள்ளது. ஓர் ஒலிக்காக ஓர் எழுத்தைப் படைத்த அச்செயலில் மொழிப்பற்றும் புதுமை நாட்டமும் முரணின்றி நிற்பதைக் காணலாம்.

தாய்மொழியை விடுவதா?

எல்லோரும் அவ்வாறு நிதானமாக எண்ணவில்லை. அமெரிக்காவில் ஜப்பானின் தூதராயிருந்த மோரி அரிநோரி 1872இல் மொழியறிஞர் வில்லியம் டுவைட் விட்னிக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒழுங்கற்ற வடிவங்களை நீக்கி எளிமையாக்கிய ஆங்கிலத்தை ஜப்பானியர் ஏற்பது குறித்து அதில் கருத்துக் கேட்டார். ஆங்கிலம் பேசும் அறிஞராகிய விட்னியே அதனை ஆதரிக்கவில்லை. மக்கள் அனைவரும் கல்வி பெறுவதற்குத் தாய்மொழியே அடிப்படை என்பது அவர் விடை. இலண்டனில் பயின்றுகொண்டிருந்த பாபா தாட்சுயி 1873இல் ஜப்பானிய மொழிக்கு இலக்கண நூல் ஒன்று வெளியிட்டு மோரியை மறுத்தார். அயல்மொழியே ஆட்சிமொழியானால் ஓய்வும் செல்வமும் உடைய சிலரே அதனைக் கற்பர். உழைக்கும் மக்கள் நாட்டுநடப்பிலிருந்து விலக்கப்படுவர் என்பது அவர் வாதம். தாய்மொழிக்காக வாதிட்ட அந்நூலை அவர் எழுதியது ஆங்கிலத்தில் என்பது காலத்தின் விந்தை.

மோரியின் எண்ணம் நிறைவேறவில்லை. ஜப்பானியர் மேலைக் கலைகளைத் தம் மொழியில் பெயர்த்தே கற்றனர். அறிவியலும் சட்டமும் மெய்யியலும் ஜப்பானிய மொழியில் இடம்பெற்றன. இது அம்மொழிக்குக் கிடைத்த பெரும் வெற்றி. அதன் மறுபக்கமும் உண்டு. ஆங்கிலம் மொழிபெயர்ப்பதற்குரிய நூல்மொழியாகவும் தேர்வு மொழியாகவும் சுருங்கியது. கடினமான பத்தியைப் பிழையின்றிப் பெயர்க்க வல்ல பட்டதாரி, வழிகேட்கும் அயலாரிடம் ‘இடப்பக்கம் திரும்புக’ எனச் சொல்லத் தயங்கினார்.

ஜப்பானில் பிறந்த அகராதி

இக்குறையை நீக்க 1922இல் கல்வி அமைச்சகம் ஹாரல்டு பாமர் என்னும் ஆங்கிலேய மொழியறிஞரை ஆலோசகராக அழைத்தது. மறு ஆண்டு தோக்கியோவில் ஆங்கிலக் கற்பித்தல் ஆய்வு நிறுவனம் அவர் தலைமையில் தொடங்கியது. முதலில் கேள், பின்னர்ப் பேசு, அதன்பின் படி என்பது அவர் நெறி. கற்பவருக்கு எத்தனை சொல் தெரியவேண்டும் என்பதினும், எந்தச் சொற்கள் முதலில் தெரியவேண்டும் என்பதே அவர் எழுப்பிய வினா. அதே வினாவை வங்காளத்தில் ஆசிரியராயிருந்த மைக்கேல் வெஸ்டும் எழுப்பியிருந்தார். இருவரும் 1934இல் நியூயார்க்கில் கூடிய மாநாட்டில் கலந்து பணியாற்றினர். அதன் விளைவாகவே, ஏறத்தாழ 2,000 அடிப்படைச் சொற்களைக் கொண்ட பொதுப்பட்டியல் வெஸ்டின் பதிப்பாக 1953இல் நிறைவடைந்தது. தோக்கியோவும் வங்காளமும் சேர்ந்து உலகுக்கு ஆங்கிலத்தின் அன்றாடச் சொற்களை எண்ணிக் கொடுத்தன என்றால் மிகையன்று.

பாமரின் நிறுவனத்தில் உழைத்தவருள் ஒருவர் ஹார்ன்பி. 1924இல் ஜப்பானுக்கு ஆசிரியராக வந்தவர். அயல்மொழியாளர் எந்த இடத்தில் இடறுவர் என்பதை வகுப்பறையில் கண்டறிந்து, துணைவர் இருவரோடு ஓர் அகராதி தொகுத்தார். 1942இல், இரு நாடுகளுக்கும் இடையே போர் நடந்துகொண்டிருந்த வேளையில், அந்நூல் தோக்கியோவில் அச்சேறியது. போருக்குப் பின் 1948இல் ஆக்ஸ்போர்டு அச்சகம் அதனை வெளியிட்டது. அதுவே பின்னாளில் ‘ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி’ எனப் பெயர்பெற்றது. தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர் கைகளில் தவழும் அவ்வகராதி, ஜப்பானியக் கற்போரின் ஐயங்களிலிருந்து பிறந்தது என்பதைப் பலர் அறியார்.

வானொலியும் இக்காலத்திலேயே துணைக்கு வந்தது. 1925 மார்ச்சில் தோக்கியோ ஒலிபரப்புத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் ஆங்கிலப் பாடமும் தொடங்கியது. கற்பித்தவர் ஒகாகுரா யோஷிசாபுரோ. இரவீந்திரநாத தாகூரின் நண்பரான கலையறிஞர் ஒகாகுரா டென்ஷினின் தம்பி அவர்.

வென்றோர் நூலும் தோற்றோர் நூலும்

1941 டிசம்பரில் பசிபிக் போர் மூண்டது. வானொலிப் பாடம் நின்றது. ஆங்கிலம் பகைவர் மொழி எனப்பட்டது. முழுமையான தடைச் சட்டம் ஏதும் இயற்றப்படவில்லை. எனினும் சூழலே சட்டமாயிற்று. 1943இல் பேஸ்பால் ஆட்டத்தில் ‘ஸ்டிரைக்’ என்பதற்குப் பகரமாக ‘நன்று’ எனப் பொருள்படும் ‘யோஷி’ என்று நடுவர் கூவினர். சொல் மாறியது, ஆட்டம் அமெரிக்க ஆட்டமாகவே இருந்தது. கடற்படைப் பயிற்சிக் கல்லூரித் தலைவராயிருந்த இனோவே ஷிகேயோஷி மட்டும், உலகமொழி ஒன்றை அறியாத கடற்படை அலுவலர் எங்கும் பயன்படார் எனக் கருதி ஆங்கிலப் பாடத்தை நிறுத்த மறுத்தார்.

1945 ஆகஸ்டு 15ஆம் நாள் பேரரசர் சரணடைவை வானொலியில் அறிவித்தார். அதனைச் சிபா மாவட்டத்தில் கேட்ட ஒகாவா கிகுமாட்சு என்னும் பதிப்பாளர், ஆங்கில உரையாடற் கைநூல் ஒன்றை உடனே வெளியிட முடிவுசெய்தார். சில வாரங்களில் 32 பக்கங்கொண்ட சிறுநூல் வெளிவந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் விற்றவை ஏறத்தாழ 36 இலட்சம் படிகள். அன்றைய மக்கட்தொகை ஏறத்தாழ 7 கோடியே 20 இலட்சம். இருபது பேருக்கு ஒரு படி என்னும் கணக்கு. எரிந்த நகரங்களில், உணவுக்கு வரிசையில் நின்ற மக்கள் இந்நூலை வாங்கினர். ஜப்பானியப் பதிப்புலகில் அச்சாதனையை 1981இல் வெளிவந்த ‘டோட்டோ சான்’ முறியடிக்கும்வரை எந்நூலும் எட்டவில்லை. தமிழிலும் பெயர்க்கப்பட்ட அந்நூலைத் தமிழ் வாசகர் நன்கறிவர்.

இங்கு ஆழ்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அந்நூலை விரைந்து உருவாக்குதற்கு முன்மாதிரியாக அமைந்தவை, போர்க்காலத்தில் வழங்கிய ஜப்பானிய-சீன, ஜப்பானிய-தாய்லாந்து உரையாடற் கைநூல்கள். அயல்நாட்டுத் தெருக்களில் ஆதிக்கம் செலுத்தியவர்க்கு உதவிய அதே வடிவம், தம் தெருவில் அயற்படையை எதிர்நோக்கி நின்றவர்க்கும் உதவியது. வழிகேட்டலும் விலைகேட்டலும் வென்றவனுக்கும் தோற்றவனுக்கும் ஒன்றே. ஆனால் சொல்லும் குரல் ஒன்றன்று. நூலின் முதற்பக்கத்தில் முதலாவதாக நின்றது நன்றி கூறும் சொல். நேற்றுவரை குண்டு பொழிந்த படையினரிடம் நாளை கூறவேண்டிய முதற்சொல் நன்றி என்று கண்ட பதிப்பாளரின் மதிநுட்பத்தை வியப்பதா, அம்மக்களின் நிலையை எண்ணி இரங்குவதா? இரண்டும் வேண்டும் என்பதே நேர்மையான விடை.

அச்சம் தணிந்தபின் மகிழ்ச்சி வந்தது. 1946 பிப்ரவரி முதல் நாள் ஹிராகாவா தாதாஇச்சியின் வானொலிப் பாடம் தொடங்கியது. அமெரிக்காவில் கூலிவேலை செய்த தந்தையைத் தேடி இளவயதில் கடல் கடந்தவர். அங்கேயே உழைத்துப் பல்கலைக்கழகம் வரை பயின்றவர். சரணடைவு அறிக்கையின் ஆங்கில வடிவை அயல்நாடுகளுக்கு ஒலிபரப்பில் படித்தவரும் அவரே. நாட்டின் மிகத் துயரமான செய்தியை ஆங்கிலத்தில் படித்த அக்குரல், அரையாண்டுக்குள் குழந்தைப் பாட்டு மெட்டு ஒன்றில் அதே மொழிக்கு மக்களை அழைத்தது. ‘கம் கம் ஆங்கிலம்’ என மக்கள் அதனை அழைத்தனர். வீட்டில் தாயும் பிள்ளையும் பேசுவதுபோன்ற எளிய உரையாடல்களே பாடம். இலக்கண விளக்கம் குறைவு. நாடெங்கும் நேயர் கழகங்கள் தோன்றின. 1955 வரை அலைவரிசை மாறியும் அப்பாடம் தொடர்ந்தது. 2021-22இல் ஜப்பானிய வானொலி-தொலைக்காட்சி நிறுவனம் அதனைக் கதைப்பின்னணியாக்கித் தொடர் நாடகம் ஒளிபரப்பியது. அக்குரலின் நினைவு மக்களிடையே அழியவில்லை என்பதற்கு அது சான்று.

தீராத தொடர்கள்

அதன்பின் ஆங்கிலக் கல்வி பெருந்தொழிலாக வளர்ந்தது. 1979இல், ஜப்பானியர் வேண்டுகோளின்பேரில் அமெரிக்கத் தேர்வு நிறுவனம் உருவாக்கிய ‘டோயிக்’ தேர்வு தொடங்கியது. அலுவலர் பலரின் பதவி உயர்வு அம்மதிப்பெண்ணைச் சார்ந்தது. உரையாடற் பள்ளிகள் இரயில் நிலையங்கள்தோறும் பெருகின. அவற்றுள் மிகப் பெரியதொன்று 2007இல் நொடித்து வீழ்ந்தது. 2020இல் தொடக்கப்பள்ளி ஐந்தாம் வகுப்பு முதல் ஆங்கிலம் பாடமாயிற்று. எனினும் நடுவயதில் மீண்டும் கைநூலைத் திறப்போர் குறையவில்லை.

அவர்கள் இடறும் இடம் பெருஞ்சொற்களில் அன்று. தாம் ஏற்கெனவே அறிந்தவை எனக் கருதும் சொற்களிலேயே இடறுகின்றனர். ஜப்பானில் ‘சாபிசு’ என்றால் கடைக்காரர் இலவசமாகத் தருவது. ‘மன்ஷோன்’ என்றால் அடுக்குமாடிக் குடியிருப்பு. ‘கன்னிங்கு’ என்றால் தேர்வில் பார்த்தெழுதுவது. இவை ஆங்கிலத்தில் பிறந்து ஜப்பானில் வாழ்க்கைப்பட்டவை. பிறந்தகத்தார்க்கு இவற்றின் புதுப்பொருள் தெரியாது.

மரியாதைத் தொடர்களில் இடர் இன்னும் நுட்பமானது. ‘சுமிமாசென்’ என்னும் தொடர் மன்னிப்புக்கும் நன்றிக்கும் பொதுவானது. ‘இன்னும் தீரவில்லை’ என்பது அதன் வேர்ப்பொருள்; பட்ட கடன் தீரவில்லை என்னும் பணிவு அதில் உள்ளது. அதனால் கதவைத் திறந்துவிட்டவரிடம் நன்றி கூறவேண்டிய இடத்தில் ஜப்பானியர் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்கின்றனர், கேட்டவர் திகைக்கிறார். ‘நீங்கள் வரவில்லையா?’ என்றால் தமிழர் ‘ஆமாம், வரவில்லை’ என்பதுபோலவே ஜப்பானியரும் ஆமென்று கூறி உடன்படுவர். ஆங்கிலமோ அங்கு இல்லையென்று கூறச்சொல்கிறது. வீட்டைவிட்டுப் புறப்படும் ஜப்பானியர் ‘இத்தேகிமாசு’ என்பர். ‘போய்வருகிறேன்’ என்பதே அதன் நேர்ப்பொருள். போவதைச் சொல்லும்போதே திரும்புவதையும் சொல்லும் அத்தொடருக்குத் தமிழில் சொல் உண்டு. அன்றாட ஆங்கிலத்தில் நிகர் இல்லை. கைநூல்கள் அவ்விடத்தில் ஏதேனும் ஒரு விடைச்சொல்லை இட்டு நிரப்புகின்றன. நிரப்பப்படாமல் எஞ்சுவது மொழியின் குறையன்று; ஒரு மக்கள் வாழும் முறை அது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? அரசின் ஆணையால் தொகுத்த அகராதிகள் பெட்டகத்தில் கிடந்தன. சிறைப்பட்டவர் தடுப்பின் ஊடே திருத்திய ஒலிகள் உடன்படிக்கை மேசைவரை சென்றன. அறிஞர் அவையில் மொழிமாற்றத் திட்டம் மறுக்கப்பட்டது. எழுத்தறியா மீனவர் செவியால் கொண்ட சொற்கள் கைநூலாயின. பிறமொழி கற்றல் தாய்மொழியை இழப்பதன்று என்பதை ஃபுகுசாவாவின் புதிய எழுத்தும், தாய்மொழியைக் காத்தல் பிறமொழியை வெறுப்பதன்று என்பதைப் பாபாவின் நூலும் காட்டுகின்றன. சொல்லைக் கையாளும் கவிஞர்க்கு இவ்வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. மொழிகளுக்கிடையே முதலில் கடந்து செல்வன சிறிய சொற்கள். கடக்க முடியாமல் கரையில் நிற்பனவும் அவையே. தண்ணீர், நன்றி, போய்வருகிறேன் என்னும் அவற்றை எவரிடமிருந்து, எந்நிலையில் கற்றோம் என்பதை நினைவில் வைத்திருக்கும் இனம், அயலார் தன் மொழியைத் தட்டுத்தடுமாறிப் பேசும்போது நகைக்காது, செவிகொடுக்கும்.